சூதாடியின் பேராசை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் ஒரு உரையில் சொன்னதால் ‘ஓனிங் மஹௌனி’ (2003) பார்த்தேன். ஏமாற்றம்தான். சூதாட்டப் படம் என்றால் ஒரு வேகம் வேண்டாமா? நாயகன் ஜெயித்தாலும் தோற்றாலும் முகத்தில் ஒன்றுமே இல்லை. ஃபிலிப் சீமோர் ஹாஃப்மன் பெரிய நடிகர் என்கிறார்கள், இதில் அவர் நடித்த மாதிரியே தெரியவில்லை. ஒருவனின் மனதைக் காட்டாமல் அவனைப் பற்றிப் படம் எடுக்க முடியுமா? தமிழில் ஏன் இப்படிப்பட்ட கதைகள் வருவதில்லை என்றும் எழுதுங்கள்.

படம் பார்க்க இன்னொரு காரணமும் உண்டு. என் அண்ணன் ஆன்லைன் ரம்மியில் ஒன்பது லட்சம் விட்டான். அப்பா ஊரிலிருந்த நிலத்தை விற்று மொத்தக் கடனையும் அடைத்தார். சொந்தக்காரர்களைக் கூட்டிவைத்து அவனிடம் சத்தியம் வாங்கினோம். சட்டம் வந்து ரம்மி ஆப்கள் நின்றதும் கிரிக்கெட் பெட்டிங் பக்கம் போய்விட்டான். இப்போது மறுபடி மூன்று லட்சம் கடன். எம்.இ. படித்தவன், நல்ல சம்பளம். இவனுக்கு ஏன் இந்தப் பேராசை?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஹாஃப்மன் நடித்தது தெரியவில்லை என்றால் அவர் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார். தமிழில் ஏன் வரவில்லை என்பது தயாரிப்பாளர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி. நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் கடைசி வரிக்காக. கொஞ்ச காலமாகவே என்னைக் குடைந்துகொண்டிருக்கும் விஷயம் அது.

பேராசை என்கிறீர்கள். இல்லை. உங்கள் அண்ணனுக்குப் பணத்தின் மேல் ஆசை இருந்திருந்தால் முதல் தடவை நல்ல தொகை ஜெயித்த அன்றே எழுந்து போயிருப்பார்.

நீங்கள் பார்த்த படத்தையே எடுத்துக்கொள்வோம். அது கனடாவில் நடந்த கதை. டொரன்டோவின் ஒரு வங்கி அதிகாரி 1980 முதல் 1982 வரை தன் கிளையிலிருந்து 1 கோடியே 2 லட்சம் டாலரை எடுத்துச் சூதாடினார். படத்தில் அந்த மனிதன் என்ன வாங்கினான்? ஒரு நல்ல கோட்டு? ஒரு புதுக் கார்? கடைசிவரை அதே ஓட்டை வண்டிதான். அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியிலுள்ள கசினோ, அதாவது சூதாட்ட விடுதி, அவனுக்கு ராஜ உபசாரம் செய்யத் துடிக்கிறது. அவன் கேட்பது சாஸ் ஊற்றாத விலா இறைச்சியும் ஒரு கோக்கும். அறைக்குப் பெண்ணை அனுப்பினாலும் அவனுக்கு அதில் நாட்டமில்லை. காதலியை லாஸ் வேகஸ் அழைத்துப் போய்விட்டு அவளை மறந்து மேஜையிலேயே கிடக்கிறான். பந்தயப் பணம் வாங்கும் புக்கியிடம் ஒருநாள் பந்தயம் கட்டுகிறானே, கவனித்தீர்களா? பேஸ்பாலில் இரண்டு பெரிய லீக்குகள் உண்டு. நேஷனல் லீக் என்றால் சொந்த ஊரில் ஆடும் எல்லா அணிகள் மேலும், அமெரிக்கன் லீக் என்றால் வெளியூரிலிருந்து வந்து ஆடும் எல்லா அணிகள் மேலும். எந்த அணி, யார் ஆடுகிறார்கள், ஒன்றும் வேண்டாம். ஏதோ ஒன்றின் மேல் பணம் இருக்க வேண்டும், முடிவு இன்னும் தெரியாமல் இருக்க வேண்டும். அவனுக்குத் தேவை அந்த இடைவெளி மட்டும்தான். பணம் அதற்குள் நுழைவதற்கான டிக்கெட். உங்கள் அண்ணன் ரம்மியிலிருந்து கிரிக்கெட்டுக்குத் தாவியதும் இதனால்தான்.

இதை நான் ஒரு மனிதரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். என் தாய்மாமா மில்லில் கணக்கர். மில் கணக்கில் அவர் கையால் ஒரு பைசா தவறியதில்லை. லாட்டரிக் கடைகள் தெருவுக்குத் தெரு இருந்த காலம் அது. அரசாங்கமே 1968ல் ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்று சொல்லித் தொடங்கிவைத்த சங்கதி. அப்புறம் ஒரு நம்பர் லாட்டரி வந்தது, காலையில் வாங்கினால் அன்றைக்கே முடிவு. மாமா விழாத சீட்டுகளைத் தூக்கிப் போட மாட்டார். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி டிரங்குப் பெட்டியில் வைத்திருப்பார். நீளமான கணக்கு நோட்டில் சிவப்பு மையில் விழுந்த நம்பர், நீல மையில் தான் எடுத்த நம்பர். ஏழு விழுந்து இவர் எட்டு வைத்திருந்தால் அந்த வரிக்குக் கீழே கோடு இழுப்பார். ‘ஒண்ணு தள்ளிப் போச்சுடா’ என்று என்னிடம் சொல்லும்போது அந்தக் குரலில் வருத்தமே இருக்காது. மயிரிழையில் தவறுவது மூளையில் கிட்டத்தட்ட ஜெயித்த மாதிரியே வேலை செய்கிறது என்று ஆய்வாளர்கள் பிற்பாடு கண்டு சொன்னார்கள். ஒருமுறை அவருக்கு ஐயாயிரம் விழுந்தது. அத்தைக்கு ஒரு சேலைகூட வரவில்லை. அந்த வாரமே அத்தனையும் சீட்டாக மாறியது. இவரையா பேராசைக்காரர் என்பது?

வள்ளுவர் 940வது குறளில் இதை அப்படியே பிடித்திருக்கிறார். பொருளை இழக்க இழக்க சூதின் மேல் காதல் கூடும் என்கிறார். ஜெயிக்க ஜெயிக்க என்று சொல்லவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ல்தான் மனநோய்களை வகைப்படுத்தும் தன் கையேட்டில் சூதாட்டப் பழக்கத்தைக் குடி, போதைப் பழக்கங்களோடு ஒரே அத்தியாயத்தில் சேர்த்தது.

இப்போது உங்களைத் திட்ட வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள். நிலத்தை விற்று மொத்தமாக அடைத்தீர்களே, அது அவருக்கு என்னவாக இருந்திருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா? ஒன்பது லட்சம் போனது, ஒன்பது லட்சம் திரும்பி வந்தது. அவர் வாழ்க்கையிலேயே பெரிய ஜாக்பாட்டை உங்கள் அப்பா கொடுத்திருக்கிறார். என் அத்தை தன் ரெட்டைவடச் சங்கிலியை விற்று மாமாவின் கடனை அடைத்த ராத்திரி, மாமா பல மாதங்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினார். மறுவாரம் மறுபடி நோட்டைத் திறந்தார். 1957ல் லாஸ் ஏஞ்சல்ஸில் சூதாடிகளே கூடி ஆரம்பித்த ‘கேம்ப்ளர்ஸ் அனானிமஸ்’ இயக்கம் குடும்பத்தாரிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: அவன் கடனை நீ அடைக்காதே. உங்கள் அண்ணன் உழைத்து, மாதாமாதம், தன் கையாலேயே கட்டட்டும். சம்பளக் கணக்கை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

அப்புறம் அந்தச் சத்தியம். வளர்ந்த மனிதரைச் சித்தப்பா பெரியப்பா முன்னால் நிற்கவைத்துக் கூனிக் குறுக வைத்தீர்கள். அந்த அவமானத்தை மறக்க அவருக்குத் தெரிந்த ஒரே இடம் போனுக்குள் இருக்கிறது. பேராசை என்று பெயர் வைத்தால் நமக்கு வசதி. அது அவன் குணம், நமக்கு வராது என்று விலகி நின்றுகொள்ளலாம். தயவுசெய்து அந்தச் சொல்லை வீட்டில் இனிமேல் யாரும் சொல்ல வேண்டாம்.

பேராசை இருந்த இடம் வேறு. நாயகன் முகத்தில் ஒன்றுமில்லை என்கிறீர்கள், கசினோ மேலாளராக வரும் ஜான் ஹர்ட்டின் முகத்தைப் பார்த்தீர்களா? கேமரா வழியாக அவனைப் பார்த்துக்கொண்டே இருக்கும் அந்தக் கண்களில் எவ்வளவு பிரியம்! உங்கள் அண்ணன் நாலு நாள் ஆடாமல் இருந்தால் நள்ளிரவில் ‘உங்களுக்கு 500 ரூபாய் போனஸ்’ என்று செய்தி அனுப்புகிறவன் அதே ஆள்தான். அதனால்தான் தடை என்றால் நான் எப்போதும் ஆதரிப்பேன். 2003 ஜனவரியில் தமிழகத்தில் லாட்டரிக் கடைகள் மூடப்பட்டபோது மாமா கேரளா சீட்டு கள்ளத்தனமாகக் கிடைக்குமா என்று கொஞ்ச நாள் அலைந்தார். பிறகு அலைச்சல் தாங்காமல் விட்டார். கைக்கெட்டாத தூரத்தில் வைப்பது சிலரையாவது காப்பாற்றும். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டத்தையும் அந்தக் காரணத்துக்காகவே வரவேற்றேன். ஆனால் வெளிநாட்டு பெட்டிங் ஆப்கள் இன்னும் புகுந்துகொண்டுதான் இருக்கின்றன.

படத்தின் முடிவில் மனநல ஆலோசகர் அவனிடம் கேட்பார்: சூதாட்டம் தந்த பரவசத்துக்கு நூற்றுக்கு எவ்வளவு? நூறு என்பான். வெளியே வாழ்க்கையில் கிடைத்ததற்கு? இருபது. உங்கள் அண்ணனிடம் நீங்கள் கேட்பது அந்த நூறை விட்டு இருபதில் வாழச் சொல்வது. அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிந்து கேளுங்கள்.

கடிதத்தில் அண்ணியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முதலில் அவருக்குப் போன் செய்யுங்கள். அவர் பெயரிலும் அண்ணன் லோன் எடுத்திருக்கிறாரா என்று பக்குவமாகக் கேளுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416ஐக் கொடுங்கள், கட்டணம் கிடையாது, எந்நேரமும் தமிழில் பேசலாம். அண்ணன் தற்கொலை பற்றி விளையாட்டாகப் பேசினால்கூட அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், தள்ளிப் போடாதீர்கள். அண்ணி என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.