சுருள் கேலக்ஸியின் தட்டில் தூசி எப்படிப் பரவியிருக்கிறது?

இந்தத் தூசி வீட்டுக் குப்பை மாதிரி அல்ல. கரியும் சிலிக்கேட் என்ற பாறைப் பொருளும் கலந்த, பெரும்பாலும் ஒரு மைக்ரானைவிட (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய துகள்கள். பால்வெளி போன்ற கேலக்ஸியில் எடைக்கு வாயுவில் சுமார் 100-ல் ஒரு பங்குதான். ஆனால் மறைக்கிற வேலையில் கெட்டி.

வாயு எங்கேயோ தூசியும் அங்கேதான். வாயு மேகங்கள் மோதி வேகம் இழந்து தட்டின் நடுத்தளத்தில் படிகின்றன. விண்மீன்கள் அப்படி மோதிக்கொள்வதில்லை. மேலும் கீழுமாக அலைகின்றன. அதனால் தூசி அடுக்கின் தடிமன் விண்மீன் அடுக்கில் ஏறக்குறையப் பாதிதான். சுருள் கைகளில், வாயு நெருக்குண்ணும் உள்விளிம்பில் தூசி இழை இழையாகத் திரளும்.

செட்டிநாட்டு வீட்டில் சாம்பிராணி போட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். மாடியிலிருந்து வளவை, அதாவது நடுமுற்றத்தை, எட்டிப் பார்த்தால் ஆத்தங்குடிக் கல்லின் பூ பளிச்சென்று தெரியும். முகப்பில் நின்று பின்கட்டு வரை நேராகப் பார்த்தால் கடைசிக் கதவு மங்கல். புகை அதேதான், பார்வை அதற்குள் கடக்கும் தூரம்தான் வேறு. பக்கவாட்டில் தெரியும் என்ஜிசி 891 என்ற சுருள் கேலக்ஸியின் நடுவே கறுப்புப் பட்டை ஓடுவது இதனால்தான்.

அந்தக் கறுப்பு, விண்மீனே இல்லாத வெற்றிடம் என்று பலர் நினைக்கிறார்கள்; தூசியை ஊடுருவி வரும் அகச்சிவப்பு ஒளியில் படம் எடுத்தால் அதே இடத்தில் விண்மீன்கள் நெருக்கியடித்து நிற்கும்.