எபிஸ்டோரி போன்ற தட்டச்சு கேமை ஒயின், எமுலேட்டர் இல்லாமல் நேரடியாக ஓட்டுவது எப்படி?

கேம் திறக்கிறது, படம் ஓடுகிறது, ஆனால் தட்டும் எழுத்து சரியாக விழவில்லை. இடையில் விண்டோஸ் நிரலை லினக்ஸிலும் மேக்கிலும் ஓட்டும் ஒயினோ, வேறொரு கணினியைப் போல நடிக்கும் எமுலேட்டரோ இல்லாமல் ஓட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் உங்கள் தொல்லைக்குக் காரணம் அந்த இடைத்தளம்தானா, இல்லை கீபோர்டு அமைப்பா என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் இரண்டாவதுதான்.

எபிஸ்டோரி பெல்ஜியத்தின் ஃபிஷிங் காக்டஸ் நிறுவனம் யூனிட்டி என்ற கேம் எஞ்சினில் செய்து 2016-ல் வெளியிட்டது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் தனித்தனிப் பதிப்பு உண்டு. ஆகவே எமுலேட்டர் தேட வேண்டிய தேவையே இல்லை. உங்கள் கணினியில் இப்போது எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று பார்த்தால் போதும்.

லினக்ஸில் ஸ்டீம் என்ற கேம் கடை வழியாக ஆடுகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். லைப்ரரியில் கேமின் பெயர்மீது வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், அதில் கம்பாட்டிபிலிட்டி பக்கத்தைத் திறங்கள். குறிப்பிட்ட கருவியைக் கட்டாயமாகப் பயன்படுத்து என்ற பெட்டியில் டிக் இருந்து, கீழே விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் தேர்வாகியிருந்தால், ஓடுவது விண்டோஸ் பதிப்பு. புரோட்டானின் உள்ளே இருப்பதும் ஒயின்தான். டிக்கை எடுத்தால் ஸ்டீம் லினக்ஸ் கோப்புகளைப் புதிதாக இறக்கிக்கொள்ளும். எடுப்பதற்கு முன் சேவ் கோப்பை நகலெடுத்து வையுங்கள். புரோட்டானில் ஆடியபோது சேவ் விழுந்த இடம் ஸ்டீமின் கம்பாட்டேட்டா ஃபோல்டருக்குள் இருக்கும் போலி சி டிரைவ். லினக்ஸ் பதிப்பு அங்கே எட்டிப் பார்க்காது. பாதி கேம் ஆடியவருக்கு மறுபடி முதல் காட்சியே வந்து நிற்பது இதனால்தான்.

மேக்கில் கேமின் ஆப் கோப்பைத் தேர்ந்தெடுத்து கெட் இன்ஃபோ திறந்து, கைண்ட் என்ற வரியைப் படியுங்கள். யுனிவர்சல் அல்லது ஆப்பிள் சிலிகான் என்று இருந்தால் நேரடி ஓட்டம். இன்டெல் என்று இருந்தால், ஆப்பிள் சிப் மேக்கில் அதை ரொசெட்டா 2 மொழிபெயர்த்து ஓட்டுகிறது. கறாராகப் பார்த்தால் இது நேரடி ஓட்டம் அல்ல. ஆனாலும் ரொசெட்டா பெரும்பாலான வேலையை முதல் தடவை திறக்கும்போதே முடித்துவிடுகிறது. முதல் திறப்பு மந்தமாக இருக்கும். அதன்பின் தட்டச்சில் தாமதம் தெரியாது. மேக் ஓஎஸ் 27 வரைதான் ரொசெட்டா முழுமையாக இருக்கும், அதன்பின் பழைய கேம்களுக்காக ஒரு பகுதி மட்டும் மிஞ்சும் என்று ஆப்பிள் 2025-ல் அறிவித்தது. 32-பிட் மேக் கேம்களுக்கு இந்த வழியும் கிடையாது. 2019-ல் வந்த மேக் ஓஎஸ் கேட்டலினாவோடு அவற்றின் ஆயுள் முடிந்தது. அந்த கேமின் விண்டோஸ் அல்லது லினக்ஸ் பதிப்பைத்தான் தேட வேண்டும்.

ஸ்டீமுக்கு வெளியே வாங்கிய சிறு கேம்களை மேக் திறக்க மறுத்தால் சிஸ்டம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பக்கத்தின் கீழே ஓப்பன் எனிவே இருக்கும். கன்ட்ரோல் கிளிக் செய்து திறக்கும் பழைய குறுக்குவழி மேக் ஓஎஸ் செக்கோயாவில் எடுக்கப்பட்டுவிட்டது. ஆப்பை டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்தே ஓட்டாமல் அப்ளிகேஷன்ஸுக்கு இழுத்துப் போடுங்கள். டவுன்லோட்ஸில் இருந்தால் மேக் அதை எழுத முடியாத தற்காலிக இடத்திலிருந்து ஓட்டக்கூடும். தன் ஃபோல்டருக்குள்ளேயே சேவ் எழுதும் கேம் என்றால் அந்தச் சேவ் நிற்காது.

விண்டோஸ் 11-ல் வேலை குறைவு. 32-பிட் நிரல்கள் அதில் இன்றும் ஓடும், 16-பிட் மட்டும் ஓடாது. எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தால், கோப்பின் ப்ராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி, அதில் சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ் திறந்து, ஸ்கேலிங்கை அப்ளிகேஷனிடம் விடுங்கள். தட்டச்சு கேமில் எழுத்து கூர்மையாக இருப்பது அலங்காரம் அல்ல. சிறிய எல்லும் பெரிய ஐயும் பிரித்துத் தெரியாவிட்டால் ஆட முடியாது.

இனி கீபோர்டு. இதை நிதானமாகப் படியுங்கள்.

கேம் கீபோர்டை இரண்டு விதமாகக் கேட்கலாம். எந்த கீ அழுந்தியது என்று கேட்பது ஒன்று. அதனால் என்ன எழுத்து பிறந்தது என்று கேட்பது இன்னொன்று. பொதுவாக, நடப்பதற்கு முதல் வழியும், சொல் அடிப்பதற்கு இரண்டாவது வழியும் பயன்படும். எபிஸ்டோரியில் நரிமேல் போகும் பெண்ணை ஈ, எஃப், ஐ, ஜே என்ற நான்கு ஆங்கில எழுத்து கீக்களால் நான்கு மூலைவாட்டில் நகர்த்தலாம். விரல்கள் தட்டச்சு நிலையை விட்டு நகரக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. மிகச் சரியான முடிவு. ஸ்பேஸ் அடித்தால் சொல் அடிக்கும் நிலை வரும். அங்கே நெருப்பு மந்திரத்துக்கு ஃபயர் என்று ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும்.

தமிழ்99 என்ற தமிழ் கீபோர்டு அடுக்கு இயக்கத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எஃப் அழுத்தினால் புள்ளி, ஐ அழுத்தினால் ன, ஆர் அழுத்தினால் தமிழ் ஐ, ஆங்கில ஈ அழுத்தினால் ஊ. கேமுக்குப் போய்ச் சேருவது இந்த நான்கும்தான். ஃபயர் போகவே இல்லை. நடக்க முடிகிறது, சொல் மட்டும் விழவில்லை என்றால் கீபோர்டு பழுதும் இல்லை, கேமும் உடையவில்லை. உள்ளீட்டு மொழி மாறியிருக்கிறது. விண்டோஸில் விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் அழுத்தினால் மொழி மாறும். ஸ்பேஸை ஓயாமல் அடிக்கிற கேமில் இது தெரியாமலே நடந்துவிடும். நிரந்தரத் தீர்வு: செட்டிங்ஸில் டைப்பிங், அதில் அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ், அங்கே ஒவ்வொரு ஆப் விண்டோவுக்கும் தனி உள்ளீட்டு முறை என்ற பெட்டியில் டிக் போடுங்கள். கேம் ஆங்கிலத்திலேயே நிற்கும், உங்கள் எழுத்து வேலை தமிழில் நிற்கும்.

எழுத்து விழுகிறது, ஆனால் வேறு எழுத்தாக விழுகிறது என்றால் அது கீபோர்டு அடுக்கின் சிக்கல். பெல்ஜியத்தில் புழங்குவது அஸெர்ட்டி என்பதாலோ என்னவோ, எபிஸ்டோரி குவெர்ட்டியோடு நிற்காமல் அஸெர்ட்டி, டுவோராக், கோல்மாக் அடுக்குகளையும் ஆதரிக்கிறது. கேமுக்குள் தேர்ந்தெடுத்ததும் இயங்குதளத்தில் இருப்பதும் ஒன்றாக இருக்கட்டும்.

இரட்டை எழுத்தில் இரண்டாவது மட்டும் காணாமல் போனால் ஃபில்டர் கீஸைச் சந்தேகியுங்கள். வலது ஷிஃப்ட்டை 8 விநாடி பிடித்தால் விண்டோஸ் இதை இயக்கச் சொல்லிக் கேட்கும். கேட்டதைப் படிக்காமல் சரி சொல்லியிருப்பீர்கள். வேகமாக மீண்டும் விழும் தட்டலைப் புறக்கணிப்பதே அதன் வேலை. ஷிஃப்ட்டை ஐந்து முறை தட்டினால் வரும் ஸ்டிக்கி கீஸும் இதே இனம். இரண்டையும் ஆக்சசிபிலிட்டியில் கீபோர்டு பக்கத்தில் குறுக்குவழியோடு சேர்த்து அணையுங்கள்.

வேகமாக அடிக்கும்போது மட்டும், அதுவும் குறிப்பிட்ட சில எழுத்துக் கூட்டங்களில் மட்டும் தவறினால், அது கீபோர்டு வன்பொருள். வேகமாக அடிப்பவர் ஒரு கீயை விடுவதற்கு முன்பே அடுத்ததை அழுத்துகிறார். 168,000 பேரின் தட்டச்சை ஆராய்ந்து ஆல்டோ பல்கலைக்கழகத்தினர் 2018-ல் வெளியிட்ட ஆய்வு, வேகமானவர்களின் தட்டல்களில் 40 முதல் 70 சதவீதம் இப்படி மேலேறி விழுவதாகச் சொன்னது. மலிவான மெம்பிரேன் கீபோர்டுகள் எந்த இரண்டு கீக்களையும் ஒன்றாக அறியும். மூன்றாவது சில இடங்களில் விடுபடும். எந்த மென்பொருள் மாற்றமும் இதைச் சரிசெய்யாது. மெக்கானிக்கலா இல்லையா என்று பார்க்காமல், ஆறு கீ அல்லது எல்லா கீயும் ஒன்றாக அறியும் ரோல்ஓவர் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள்.

பழைய சிறு கேம்களில் இன்னொரு கோளாறு: சொற்கள் மழையாகக் கொட்டுகின்றன, யாராலும் அடிக்க முடியாது. கேமின் வேகத்தைத் திரை புதுப்பிப்போடு கட்டி எழுதியிருந்தால் இப்படி ஆகும். 60 ஹெர்ட்ஸுக்காகச் செய்தது 144 ஹெர்ட்ஸ் திரையில் 2.4 மடங்கு வேகமாக ஓடும். திரையை 60 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். என்விடியா கார்டு என்றால் அதன் கன்ட்ரோல் பேனலில் மேக்ஸ் ஃப்ரேம் ரேட்டை அந்த கேமுக்கு மட்டும் 60 என்று வைத்தாலும் போதும்.

பிரவுசரில் ஓடிய பழைய ஃபிளாஷ் தொழில்நுட்பத்தில் செய்த தட்டச்சு கேம் என்றால் கதை வேறு. அடோபி 2020 டிசம்பர் 31-ல் ஆதரவை நிறுத்தி, 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே ஓட மறுக்கும்படி செய்துவிட்டது. அதற்கு ரஃபிள் இருக்கிறது. ரஸ்ட் மொழியில் எழுதிய இந்தத் திறமூல பிளேயருக்கு மூன்று இயங்குதளங்களுக்கும் டெஸ்க்டாப் பதிப்பு உண்டு. இதுவும் எமுலேட்டர்தான், ஆனால் ஃபிளாஷ் கேமுக்கு இதுவே நடைமுறை வழி. ஃபிளாஷின் நிரல்மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 1, 2-ல் எழுதியவை அநேகமாக ஓடிவிடும். 3-ல் எழுதியவற்றை ஒவ்வொன்றாக ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் செய்தும் யூனிட்டி கேம் திறந்த உடனே மூடிக்கொண்டால், கேம் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் பிளேயர் லாக் கோப்பைப் பாருங்கள். விண்டோஸில் ஆப்டேட்டாவுக்குள் லோக்கல்லோ, அதில் நிறுவனத்தின் பெயர், கேமின் பெயர் என்று ஃபோல்டர் இருக்கும். லினக்ஸில் மறைந்திருக்கும் கான்ஃபிக் ஃபோல்டருக்குள் யூனிட்டி3டி. பழைய யூனிட்டி என்றால் விண்டோஸில் கேமின் டேட்டா ஃபோல்டரிலேயே அவுட்புட் லாக் என்று கிடக்கும். கடைசி இருபது வரிகளையும் உங்கள் இயங்குதளத்தின் பதிப்பு எண்ணையும் கருத்துப் பகுதியில் ஒட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.