கொடைக்கானல் பக்கம் திருப்புங்கள்: ஸ்டீரியோ ரேடியோ ஆன்டெனா கேள்வி பதில்

திருநகர் வாசகர்: அண்ணே, பழைய ரிசீவர் ஒன்று வாங்கினேன். பின்பக்கம் எஃப்எம் 75, எஃப்எம் 300, ஏஎம் என்று மூன்று இணைப்பு இருக்கிறது. எதில் எதை மாட்டுவது?

டிவி கேபிள் மாதிரி உருண்டை ஒயர் என்றால் 75. இரண்டு கம்பி இணையாக ஓடும் பட்டை ஒயர் என்றால் 300. பட்டை ஒயரை 75-இல் மாட்ட, நடுவில் பேலன் என்ற சின்ன டப்பா வேண்டும். ஏஎம் திருகுகள் கூட வந்த லூப்புக்கு, அதாவது வளைய ஆன்டெனாவுக்கு.

வில்லாபுரம் வாசகர்: 'டி' வடிவ ஒயரை பீரோவுக்குப் பின்னால் போட்டிருக்கிறேன். கோடை எஃப்எம்மில் ஸ்டீரியோ விளக்கு விட்டு விட்டு எரிகிறது, ஒரே இரைச்சல். பூஸ்டர் வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. பூஸ்டர் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். பக்கத்து நிலையங்களின் பலமான சிக்னல் உள்ளே புகுந்து குழப்பவும் செய்யும். முதலில் ஒயரை பீரோவுக்குப் பின்னாலிருந்து வெளியே எடுங்கள், இரும்பு சிக்னலை விடாது.

கோடை எஃப்எம் (100.5) கொடைக்கானல் மலை மேலிருந்து வருகிறது. அவ்வளவு உயரம் என்பதால்தான் மதுரை வரை நன்றாக எட்டுகிறது. நமக்கு அது மேற்கே, சற்று வடக்கே தள்ளி. ஆன்டெனாவின் இரண்டு கைகளும் நீளும் திசையில் காது மந்தம், அகலப் பக்கம்தான் நன்றாகக் கேட்கும். அதனால் கைகளை வடக்கு தெற்காக நீட்டி ஜன்னல் ஓரம் ஒட்டுங்கள். ஒரு சாண் நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும், பொறுமையாக நகர்த்திப் பாருங்கள். மோனோவைவிட (ஒரே தட ஒலி) ஸ்டீரியோவுக்குப் (இரு தட ஒலி) பலமான சிக்னல் தேவை. வெறும் பேச்சு நிகழ்ச்சி என்றால் மோனோ பொத்தானை அழுத்திவிட்டு நிம்மதியாகக் கேட்கலாம்.

மேலூர் வாசகர்: மொட்டை மாடியில் கட்ட நானே செய்ய முடியுமா?

தாராளமாக. இரண்டு அலுமினியக் குழாய், ஒவ்வொன்றும் 73 செ.மீ. ஒரு பிளாஸ்டிக் துண்டில் இரண்டையும் ஒரே நேர்கோட்டில் பொருத்தி, நடுவில் ஓர் அங்குல இடைவெளி விடுங்கள். 75 ஓம் கேபிளின் நடுக்கம்பி ஒரு குழாய்க்கு, சுற்றியுள்ள வலை மற்றதற்கு. வலையின் ஓர் இழைகூட நடுக்கம்பியைத் தொடக் கூடாது, தொட்டால் சிக்னல் போச்சு. இணைப்பை டேப் சுற்றி நன்றாக மூடுங்கள். மழைத்தண்ணீர் ஒருமுறை கேபிளுக்குள் இறங்கினால் அப்புறம் அது தேறாது.

உசிலம்பட்டி வாசகி: தூர்தர்ஷன் காலத்து மீன்முள் ஆன்டெனா மாடியில் சும்மா நிற்கிறது. உதவுமா?

கேபிளை மாட்டிப் பாருங்கள் அக்கா. அதன் நீளங்கள் டிவிக்கானவை, இருந்தாலும் உயரத்தில் நிற்பதே பாதி பலம். டிஷ் மட்டும் எஃப்எம்முக்கு ஆகாது.

செல்லூர் வாசகர்: ஏஎம்மில் மதுரை வானொலி 1269-இல் ராத்திரி ஒரே 'கர்ர்'.

எல்இடி பல்பு, சார்ஜர் இரண்டையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள், பெரும்பாலும் குற்றவாளி அங்கேதான். பிறகு லூப்பைப் பெட்டியிலிருந்து தள்ளி வைத்து, மெதுவாகத் திசை திருப்பிப் பாருங்கள்.

அதே வாசகர்: ஐப்பசி இடிக்கு?

மாடி ஆன்டெனாவின் கம்பத்தைக் கட்டாயம் எர்த் செய்யுங்கள். வானம் கறுக்கத் தொடங்கும்போதே ஆன்டெனா ஒயரையும் கரண்ட் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். இடி விழுந்துகொண்டிருக்கும்போது அந்த ஒயரைத் தொடவே வேண்டாம்.