அடி வாங்கப் பயிற்சி

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் பற்றிய உங்கள் கட்டுரையில், ஜேம்ஸ் லாசன் என்ற கறுப்பினப் போதகர் மாணவர்களுக்கு ‘அகிம்சைப் பயிற்சி’ கொடுத்தார் என்று ஒரு வரி வருகிறது. படித்ததும் சிரிப்பு வந்தது. திருப்பி அடிக்கத்தான் பயிற்சி வேண்டும். அடி வாங்கிக்கொண்டு நிற்க எதற்கு? திராணி இல்லாதவர்கள் அதைத் தினமும் செய்கிறார்களே!

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை)

அன்புள்ள நண்பருக்கு,

ஒருவன் உங்கள் முகத்தில் துப்பினால் கை தானாக ஓங்கும். இல்லையென்றால் கால் தானாகப் பின்னால் போகும். இரண்டுக்கும் பயிற்சி தேவையில்லை. இரண்டும் நடக்காமல் நிற்பதற்குத்தான் தேவை.

லாசன் ஒன்றும் பிறவிச் சாது அல்ல. ஒஹாயோவில் சிறுவனாக இருந்தபோது, நிறத்தைச் சொல்லி ஏசிய வெள்ளைக்காரப் பையனை அறைந்தவர். “ஜிம்மி, அதனால் என்ன பயன்?” என்று அம்மா கேட்டதை வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். கொரியப் போருக்கு ஆளெடுத்தபோது மறுத்துச் சிறை சென்றார். 1953இல் நாகபுரி ஹிஸ்லாப் கல்லூரிக்கு வந்தார். மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையின் ஊழியர்தான், ஆனால் அங்கே அவர் பார்த்த வேலை விளையாட்டுப் பயிற்சியாளர் வேலை! இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு மொத்த விஷயமும் இதில்தான் இருப்பதாகத் தோன்றுகிறது. காந்தியைப் படித்தவர்கள் அமெரிக்காவில் பலர் இருந்தார்கள். அகிம்சையை உடம்புக்குப் பழக்க வேண்டிய ஒன்றாகப் பார்த்தவர் இவர்.

1959இல் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில், ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் வகுப்புகள் நடந்தன. மாணவர்களில் பாதிப் பேர் வெள்ளையர்களாக நடிப்பார்கள். மீதிப் பேர் உணவகத்தில் உட்கார்ந்திருப்பதாகப் பாவனை. ஏசுவது, முடியைப் பிடித்து இழுப்பது, முகத்தில் சிகரெட் புகையை ஊதுவது, நாற்காலியிலிருந்து தள்ளுவது. விழும்போது தலையை எப்படிக் காப்பது, பக்கத்தில் இருப்பவனை அடித்தால் எப்படிக் குறுக்கே போய் விழுவது என்பதும் பாடம்தான். அகிம்சை என்றதும் நமக்கு உண்ணாவிரதப் பந்தலும் பழச்சாறும் நினைவுக்கு வருவதால் இது விநோதமாகத் தெரிகிறது.

1960 பிப்ரவரியில் அவர்கள், கறுப்பர்களுக்கு உணவு பரிமாறாத நகரக் கடைகளின் உணவு மேடைகளில் போய் அமர்ந்தார்கள். 27ஆம் தேதி மட்டும் 81 பேர் கைது. ஒரு வரிசையைப் போலீஸ் இழுத்துச் சென்றதும் அடுத்த வரிசை வந்து உட்கார்ந்தது. லாசனை அவர் படித்துக்கொண்டிருந்த வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் வெளியேற்றியது. மே 10ஆம் தேதி கடைகள் கறுப்பர்களுக்கும் உணவு பரிமாறத் தொடங்கின.

அந்த நாட்களில் மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன் லாசன் முகத்தில் துப்பியதாகச் சொல்வார்கள். லாசன் அவனிடமே கைக்குட்டை கேட்டாராம். திகைத்துப்போய் அவனும் எடுத்துக் கொடுத்துவிட்டான். துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வண்டியைப் பற்றி விசாரித்தார். திராணி இல்லாதவருக்கு வருகிற பேச்சா இது?

ஆனால் உங்களுக்குச் சாதகமாக ஒன்றும் சொல்ல வேண்டும். 1968 மார்ச் 28, மெம்பிஸ். துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்காக லாசன் அழைத்து மார்ட்டின் லூதர் கிங் வந்திருந்தார். ஊர்வலத்தில் பயிற்சியே பெறாத கூட்டம் கலந்திருந்தது. ஊர்வலத்தின் பின்பகுதியில் கடைக் கண்ணாடிகள் உடைந்தன, போலீஸ் பாய்ந்தது, 16 வயதுப் பையன் ஒருவன் சுடப்பட்டு இறந்தான். லாசன்தான் ஒலிபெருக்கியைப் பிடித்து ஊர்வலத்தைத் திருப்பி அனுப்பினார். ஏழு நாளில் கிங் கொல்லப்பட்டார். ஏப்ரல் 8ஆம் தேதி அதே ஊரில் ஆயிரக்கணக்கானோர் மீண்டும் நடந்தார்கள். அன்று கோஷம்கூட இல்லை.