கலர் பென்சில் டப்பா ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ஒரு ஸ்கேல் எடுங்க

கேள்வி: அக்கா, என்கிட்ட 72 கலர் பென்சில், ரெண்டு பக்கமும் முனை இருக்கற ஆல்கஹால் மார்க்கர் 48, அது போக ஜெல் பேனா, ஸ்கெட்ச் பேனானு எல்லாம் ஒரே டப்பாவுல குவிஞ்சு கிடக்கு. ஒரு கலர் தேடறதுக்குள்ள மூடே போயிடுது. சுத்தற ஸ்டாண்ட் ஒன்னு ஆன்லைன்ல பாத்தேன், எல்லாத்தையும் அதுல நிக்க வெச்சுடலாம்னு இருக்கேன். வாங்கலாமா?

பதில்: பென்சிலுக்குன்னா தாராளமா வாங்குங்க. ரெண்டு முனை மார்க்கருக்கு மட்டும் வேணாம்மா. நானும் இதே மாதிரி ஒரு ஸ்டாண்டைப் பாத்து மயங்கி வாங்கி, மார்க்கரெல்லாம் பிரஷ் முனை மேல பாக்கற மாதிரி அழகா அடுக்கி வெச்சேன், நாலஞ்சு மாசம் கழிச்சு ஒரு வாழ்த்து அட்டைக்கு ஷேடு போடலாம்னு எடுத்தா பிரஷ் பக்கம் கீறு கீறா வருது, கீழ இருந்த பட்டை முனையைத் திறந்தா இங்க் தளும்பி விரலெல்லாம் நீலம். ஸ்டாண்டு மேல தப்பில்ல, நான்தான் யோசிக்கல. உள்ள இருக்கற பஞ்சுலதான் இங்க் ஊறியிருக்கு, அது மெல்ல மெல்ல கீழ இறங்கத்தானே செய்யும். அதனால ரெண்டு முனை மார்க்கர்னா படுக்க வைக்கறதுதான் சரி. ஏற்கனவே நிக்க வெச்சிருந்தா பயப்படாதீங்க, காஞ்ச முனை கீழ வர்ற மாதிரி ஒரு நாள் திருப்பி வெச்சுட்டு அப்புறம் படுக்கப் போடுங்க, இங்க் மிச்சம் இருந்தா பெரும்பாலும் திரும்ப வந்துடும்.

ஒரே முனை இருக்கற ஸ்கெட்ச் பேனாவை மூடி கீழ இருக்கற மாதிரி நிறுத்தலாம், ஜெல் பேனாவும் அப்படித்தான், இல்ல படுக்கவும் வைக்கலாம். குலுக்கி எழுதற பெயிண்ட் மார்க்கர் படுத்தே இருக்கட்டும், நிக்க வெச்சா உள்ள இருக்கற நிறத்தூள் ஒரு பக்கமா போய் படிஞ்சுடும். பென்சிலுக்கு இந்தத் தலைவலியெல்லாம் கிடையாது, சீவின முனை மேல பாக்க நிறுத்துங்க, அவ்ளோதான். ஆக உங்களுக்கு ரெண்டு இடம் வேணும், நிக்கறதுக்கு ஒன்னு, படுக்கறதுக்கு ஒன்னு. எல்லாத்தையும் ஒரே பொருள்ல அடக்கணும்னு நினைக்கறப்பதான் காசு வீணாகுது.

கேள்வி: "200 பென்சில் வைக்கலாம்"னு போட்ட ஜிப் பவுச் ஒன்னு வாங்கினேன். என்னோட 120 பென்சிலே அதுல உக்கார மாட்டேங்குது. ஏமாத்திட்டாங்களா?

பதில்: முழுசா ஏமாத்தினாங்கன்னு சொல்ல முடியாது, ஆனா அந்த 200 எந்தப் பென்சிலை வெச்சு எண்ணினதுன்னு அவங்க சொல்லவே இல்ல பாருங்க, சூட்சுமமே அங்கதான் இருக்கு. சாதாரண பென்சில் சுமார் 7 மில்லிமீட்டர் தடிமன், ஆர்ட்டிஸ்ட் கலர் பென்சில் பலதும் 8 கிட்ட வரும், குழந்தைங்களுக்கான குண்டு பென்சில் 10-க்கும் மேல. ஒரு மில்லிமீட்டர்தானேன்னு தோணும், ஆனா பவுச்சுக்குள்ள பென்சிலைச் சொருகற இறுக்கமான எலாஸ்டிக் பட்டையில அது வேலைக்கே ஆகாது, தள்ளித் தள்ளி நுழைச்சா பென்சில் மேல இருக்கற பெயிண்ட் உரியும், எலாஸ்டிக்கும் சீக்கிரம் தொளதொளன்னு ஆயிடும். அதனால உங்ககிட்ட இருக்கறதுலயே குண்டான பென்சிலை எடுத்து ஸ்கேல் வெச்சு அளங்க, நீளத்தையும் பாருங்க (புதுசு சுமார் 17.5 செ.மீ. இருக்கும்), அப்புறமா ஆர்டர் போடுங்க. ரிவ்யூல வாங்கினவங்க போட்ட போட்டோவைத் தேடிப் பாருங்க, கம்பெனி போட்ட போட்டோவுல எல்லாமே ஒல்லியாத்தான் தெரியும்.

இன்னொன்னு, பவுச்சை மூடினதும் ரெண்டு பக்க பென்சிலும் ஒன்னோட ஒன்னு இடிக்காம நடுவுல துணி மடிப்பு இருக்கான்னு பாருங்க. அடிபட்டா வெளிய மரம் அப்படியே இருக்கும், உள்ள லெட்டு துண்டு துண்டா உடைஞ்சு போயிருக்கும். சீவச் சீவ முனை கழண்டு விழுந்துகிட்டே இருக்கேன்னு ஷார்ப்னரைத் திட்டுவோம், பாதி நேரம் காரணம் எப்பவோ கீழ விழுந்ததுதான். பென்சிலோட வந்த தகர டின்னைத் தூக்கிப் போட்டுடாதீங்க, அதுல இருக்கற பள்ளம் அந்தப் பென்சில் அளவுக்கே செஞ்சது, வீட்டுலயே வெச்சு வரையறவங்களுக்கு அதை மிஞ்சின பெட்டி இல்லன்னுதான் நான் சொல்லுவேன்.

கேள்வி: கலர் வாரியா அடுக்கறதா, பிராண்டு வாரியா அடுக்கறதா?

பதில்: வானவில் மாதிரி அடுக்கினா போட்டோவுக்கு அம்சமா இருக்கும். ஆனா ஆல்கஹால் மார்க்கரையும் தண்ணி மார்க்கரையும் பச்சை பச்சையோடன்னு கலந்து வெச்சீங்கன்னா, ஒரு நாள் அவசரத்துல மாத்தி எடுத்துடுவீங்க, மெல்லிசு பேப்பர்ல ஆல்கஹால் மார்க்கர் பின்பக்கம் வரைக்கும் ஊறி நிக்கும். அதனால முதல்ல வகை, அதுக்குள்ள கலர். பழுப்பு, சாம்பல், தோல் நிறம் மூணையும் தனியா வெச்சுடுங்க, அதிகமா தேடறது அதுங்களைத்தான்.

அடுக்கறதை விட முக்கியம் கலர் சார்ட்டு. மூடியோட நிறத்தை நம்பவே நம்பாதீங்க. நீங்க வழக்கமா வரையற அதே பேப்பர்ல சின்னச் சின்னக் கட்டம் போட்டு, ஒவ்வொன்னையும் தீட்டி, பக்கத்துல நம்பரை எழுதி டப்பா மூடிக்கு உள்பக்கமா ஒட்டிடுங்க. மார்க்கர் இங்க் காய்ஞ்சப்புறம் வேற மாதிரி தெரியும், அதனால காஞ்சதும்தான் பாக்கணும். காப்பிக்ங்கற பிராண்டு மார்க்கர்ல நம்பரே பாதி வேலையை முடிச்சுடும், எழுத்து எந்தக் கலர் குடும்பம்னு சொல்லும், கடைசி எண் கூடக் கூட ஷேடு அடர்த்தியாகும், அந்த வரிசையிலயே அடுக்கிட்டா போதும். சார்ட்டு இருந்தா கையில இருக்கற கலரையே இன்னொரு தடவை வாங்கற கூத்தும் நடக்காது. என்கிட்ட ஒரே மாதிரி டர்க்காய்ஸ் மூணு இருக்கு, எப்படி வந்துச்சுன்னு கேக்காதீங்க.

கேள்வி: டின்ல இருந்த பென்சில் முனையில வெள்ளையா படிஞ்சிருக்கு. பூஞ்சையா? திருப்பி அனுப்பிடவா?

பதில்: மெழுகு கலந்த பென்சில்னா அது மெழுகுதான், லெட்டுல இருந்து மேல வந்து படியுது. டிஷ்யூவால துடைச்சா போயிடும். அனுப்ப வேணாம்.

கேள்வி: மார்க்கர் மூடியில ஓட்டை இருக்கே, அது வழியா இங்க் காஞ்சுடாதா? டேப் போட்டு ஒட்டிடலாமா?

பதில்: ஐயோ, ஒட்டிடாதீங்க! குழந்தை மூடியை முழுங்கி அது தொண்டையில சிக்கிட்டாலும் மூச்சுக்காத்து போகட்டும்னு வெச்ச ஓட்டை அது, இதுக்குன்னே ஐஎஸ்ஓ 11540-னு ஒரு சர்வதேசத் தர விதியே இருக்கு. முனையை மூடறது மூடிக்குள்ள இருக்கற தனி உள்மூடி, அதனால ஓட்டையால எதுவும் காயாது. காயறதுக்குக் காரணம் மூடி "டக்"னு சத்தம் கேக்கற வரைக்கும் அழுத்தாததும், வெயில்ல நிக்கற கார்லயோ ஜன்னல் ஓரத்துலயோ வெக்கறதும்தான். தண்ணி ஸ்கெட்ச் பேனா காஞ்சுட்டா முனையைத் தண்ணியில லேசா தொட்டு, மூடி போட்டு, முனை கீழ இருக்க ஒரு ராத்திரி வெச்சுப் பாருங்க, கொஞ்ச நாள் ஓடும். ஆல்கஹால் மார்க்கருக்கு இந்தத் தண்ணி வைத்தியம் செஞ்சுடாதீங்க, அதுக்கு அதே பிராண்டு ரீஃபில் இங்க்தான். ரீஃபில் கிடைக்குமா, முனையைத் தனியா மாத்தலாமான்னு மார்க்கர் வாங்கற அன்னிக்கே பாத்துடுங்க.