சிலேட்டோடு உட்கார்ந்திருக்கும் சிப்பாய்

நியூ ஜெர்சியில் இருக்கும் வாசகர் ஒருவர் பழைய சாமான் சந்தையில் அட்டையில் ஒட்டிய உள்ளங்கை அளவு போட்டோ ஒன்றை வாங்கியிருக்கிறார். சட்டையில்லாத இளைஞன், தோளில் காயம், மடியில் பெயரும் ரெஜிமென்டும் (படைப்பிரிவும்) எழுதிய சிலேட்டு. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து அசல்தானா, எதற்காக இப்படி எடுத்தார்கள் என்று கேட்கிறார்.

முதலில் பூதக்கண்ணாடியை எடுங்கள். பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சகத்தில் அடித்த நகல், விட்டுவிடலாம். புள்ளியே இல்லாமல் காகித நார் தெரிந்து, பழுப்பேறி லேசாக மினுங்கினால் முட்டை வெள்ளைக்கரு பூசிய ஆல்புமின் தாளாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் பின்பக்கம். 1864 செப்டம்பரிலிருந்து 1866 ஆகஸ்ட் வரை அமெரிக்காவில் விற்கும் போட்டோவுக்கு வரி இருந்தது, அதனால் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியிருந்தால் காலம் கையில் கிடைத்த மாதிரி. இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம், ஆஸ்பத்திரிப் படம் கடைச் சரக்கு இல்லையே.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் கடைசிக் கட்டத்தில் வாஷிங்டனின் ஹேர்வுட் ராணுவ மருத்துவமனையில் ரீட் பான்டெகூ என்ற சர்ஜன் காயம்பட்டவர்களை இப்படித்தான் வரிசையாகப் படமெடுத்தார். சில பிரதிகளில் குண்டு போன வழியைச் சிவப்பு அம்புக்குறியாக அவரே வரைந்திருக்கிறார். 1862-இல் தொடங்கிய ராணுவ மருத்துவ அருங்காட்சியகத்துக்கும், மற்ற சர்ஜன்கள் பார்த்துக் கற்கவும், பிற்பாடு ஓய்வூதியக் கோரிக்கைக்குச் சான்றாகவும் இவை பயன்பட்டன. ஆனால் சிலேட்டு இருக்கிறது என்பதற்காக மட்டும் அவர் எடுத்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். கை கால் இழந்தவர்கள் பிழைப்புக்காக ஸ்டூடியோவில் எடுத்து விற்ற படங்களும் உண்டு, அவற்றில் பெரும்பாலும் முழுச் சீருடையும் மடித்துக் குத்திய வெறும் சட்டைக் கையும்தான் இருக்கும், உங்களுடையது அந்த ரகமில்லை.

காயம் கன்னங்கரேலென்று இருப்பதைப் பார்த்து அழுகிவிட்டதோ என்று நினைக்காதீர்கள். அன்று படமெடுக்கப் பயன்பட்ட, கொலோடியன் என்ற ரசாயனக் கலவை பூசிய கண்ணாடித் தகட்டுக்குச் சிவப்பு நிறம் பதியவே பதியாது, ரத்தச் சிவப்பெல்லாம் கறுப்பாகத்தான் விழும்.

துடைக்காதீர்கள், அட்டையிலிருந்து உரிக்காதீர்கள், பின்னால் பென்சில் எழுத்து இருந்தால் ரப்பர் பக்கமே போகாதீர்கள். ஒரு முறை ஸ்கேன் செய்துவிட்டு, அமிலமில்லாத உறையில் போட்டு வெயில் படாமல் வையுங்கள். சிலேட்டில் இருக்கும் பெயரையும் ரெஜிமென்டையும் சேர்த்து வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஓய்வூதியக் கோப்பு கேட்டுப் பாருங்கள். அந்தச் சிப்பாய் ஓய்வூதியம் கோரியிருந்தால் அந்தத் தோள் பிற்பாடு எப்படி இருந்தது என்று டாக்டர் எழுதியது அதில் இருக்கலாம்.