தத்தும் வளர்ப்பும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: திருமணமாகிப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. என் கணவருக்கு 44 வயது, எனக்கு 40. எங்களுக்குத் தெரிந்த செவிலியர் ஒருவர், திருமணமாகாத பெண் ஒருத்திக்கு அடுத்த மாதம் பிறக்கவிருக்கும் குழந்தையை எங்களிடமே தந்துவிடுவதாகவும், பிறப்புச் சான்றிதழை எங்கள் பெயரிலேயே வாங்கித் தருவதாகவும் சொல்கிறார். நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதால் சட்டப்படி தத்தெடுக்க முடியாது என்றும், இதைவிட்டால் வேறு வழியில்லை என்றும் கூறுகிறார். என்ன செய்வது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தென்காசி மாவட்டம்)

பதில்: அந்தச் செவிலியர் சொன்னதில் ஒன்றுகூட உண்மையில்லை. இந்து தத்தெடுப்புச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது என்பது சரிதான். ஆனால் இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் எந்த மதத்தவரும் தத்தெடுக்கலாம் என்பதை 2014-இல் உச்ச நீதிமன்றமே உறுதி செய்திருக்கிறது. அந்தச் சட்டப்படி தத்தெடுக்கப்படும் குழந்தைக்கு, பெற்ற பிள்ளைக்குள்ள எல்லா உரிமைகளும் உண்டு.

பெறாத குழந்தையைப் பெற்றதாகக் காட்டிச் சான்றிதழ் வாங்குவது குற்றம். உரிய நடைமுறை இல்லாமல் குழந்தையைக் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. பணம் கைமாறினால் அது விற்பனையாகி, தண்டனை ஐந்து ஆண்டுகள் வரை போகும். 2019-இல் ராசிபுரத்தில் குழந்தை விற்பனை வெளியே வந்ததை நீங்கள் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். இப்படிப்பட்ட வழக்குகளில் வாங்கிய குடும்பங்களிலிருந்தும் குழந்தைகள் மீட்கப்பட்டு இல்லங்களில் சேர்க்கப்படுகிறார்கள். அப்படி ஒப்படைக்கப்பட்ட பதினொரு மாதக் குழந்தை ஒன்றை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதுவரை வளர்த்த பெண், பால்புட்டியையும் மருந்துச் சீட்டையும் கொடுத்துவிட்டு, ஒரு பழைய சேலைத் துண்டை மடித்து நீட்டி, “இதைக் கன்னத்தில் வைத்தால்தான் தூங்குவாள்” என்றார். அவர் கெட்டவர் அல்லர்; வரிசையில் காத்திருக்க முடியாமல் குறுக்கு வழியில் போனவர், அவ்வளவுதான். ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தது அந்தக் குழந்தை.

பிறக்கவிருக்கும் குழந்தையின் தாயையும் நினைத்துப் பாருங்கள். குழந்தைகள் நலக் குழுவின் முன் முறைப்படி ஒப்படைத்தால், மனம் மாறித் தன் குழந்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்ள அவளுக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. மருத்துவமனைக் கொல்லைப்புறத்தில் அந்த உரிமை பறிபோகிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அவளிடம் சேர்ப்பியுங்கள்; அந்தக் குழந்தைக்கு நீங்கள் செய்யக்கூடிய நன்மை அது.

இனி உங்கள் வழி. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமானால் தம்பதியின் கூட்டு வயது 85-ஐத் தாண்டக்கூடாது. உங்களுடையது 84, அடுத்த ஆண்டு 86 ஆகிவிடும். எனவே இந்த வாரமே ‘காரா’ எனப்படும் மத்திய தத்துவள ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்து, ஆவணங்களையும் தாமதமின்றி ஏற்றுங்கள். அதன்பின் சமூகப் பணியாளர் ஒருவர் உங்கள் வீட்டுக்கு வந்து ஆய்வறிக்கை தயாரிப்பார். உங்கள் முறை வரும்போது குழந்தையின் புகைப்படமும் மருத்துவ அறிக்கையும் காட்டப்படும். 48 மணி நேரத்துக்குள் சம்மதத்தைப் பதிவு செய்துவிட்டு, பிறகு நேரில் சென்று பார்க்கலாம். 2022 செப்டம்பர் முதல் இறுதி ஆணையை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். காத்திருப்பு சில ஆண்டுகள் நீளும் என்பதை மறைக்க மாட்டேன். இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்குக் கூட்டு வயது 90 வரை இருக்கலாம் என்பதால், சற்று வளர்ந்த குழந்தையை ஏற்பது பற்றியும் இருவரும் மனம்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் தங்கை காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவளுடைய ஆறு வயது மகன் எங்களிடம்தான் வளர்கிறான். அவனுடைய தந்தை மறுமணம் செய்துகொண்டார். பையனை எங்களுக்கே தத்துக் கொடுக்கச் சம்மதிக்கிறார். தத்துப் பத்திரம் பதியச் சென்றால், “உங்களுக்கு ஏற்கெனவே மகன் இருக்கிறானே” என்று பத்திர எழுத்தர் மறுத்துவிட்டார். அவர் சொல்வது சரியா?
(வாசகர், விருதுநகர்)

பதில்: அவர் எண்ணியிருந்த சட்டத்தின்படி சரி. 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டப்படி, மகனோ மகன்வழிப் பேரனோ உள்ளவர் இன்னொரு மகனைத் தத்தெடுக்க இயலாது. ஆனால் இளைஞர் நீதிச் சட்டத்தில் உறவினர் தத்தெடுப்பு என்ற தனி வழி இருக்கிறது. அதில் ‘உறவினர்’ என்ற வரையறைக்குள் தாய்மாமனும் வருகிறார். காரா தளத்தில் பதிந்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகுங்கள். தந்தையின் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும். பையன் ஐந்து வயதைக் கடந்தவன் என்பதால் அவனுடைய சம்மதமும் வேண்டும். ஆணை வந்தபின் பெற்ற தந்தைக்கும் அவனுக்கும் உள்ள சட்ட உறவு முடிந்துவிடும் என்பதை அவர் முழுமையாக உணர்ந்திருக்கிறாரா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். அதில் அவருக்குத் தயக்கம் இருந்தால், 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தின் வழியாக நீங்கள் காப்பாளர் ஆகலாம். ஆனால் அது பையனுக்கு 18 வயது ஆகும்வரைதான், சொத்துரிமையும் அதனால் வராது.

கேள்வி: நான் மணம் செய்துகொள்ளாத ஆசிரியை, வயது 52. தத்தெடுக்கும் வயதைத் தாண்டிவிட்டேன் என்கிறார்கள். ஒரு குழந்தையை வளர்க்க எனக்கு வழியே இல்லையா?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: இருக்கிறது, ஒன்றல்ல, இரண்டு. தனியாக வாழ்பவர்கள் எட்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தையை 55 வயது வரை தத்தெடுக்கலாம். மற்றொன்று வளர்ப்புப் பராமரிப்பு. 2024-இல் வந்த புதிய வழிகாட்டு நெறிமுறைகள், 35 முதல் 60 வயது வரையுள்ள தனிநபர்களுக்கும் இதில் இடமளித்திருக்கின்றன. இல்லத்தில் வளரும், ஆறு வயதைக் கடந்த குழந்தை குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி உங்கள் வீட்டில் வளரும். செலவுக்காக அரசு மாதம் 4,000 ரூபாய் வழங்குகிறது. குழு அவ்வப்போது வந்து பார்வையிடும். தத்தெடுக்கச் சட்டப்படி தகுதியுள்ள குழந்தையாக இருந்தால், இரண்டு ஆண்டுகள் வளர்த்தபின் நீங்களே தத்தெடுக்க விண்ணப்பிக்கலாம். இன்று ஆறு வயதைக் கடந்த குழந்தை வந்தால் அப்போது அது எட்டைக் கடந்திருக்கும், உங்களுக்கு 54. அந்த வரம்புக்குள் அடங்கிவிடுகிறீர்கள்.

ஆனால் இது தத்து அன்று. சொந்தக் குடும்பம் மீண்டும் நிலைபெற்றால் குழந்தை அங்கே திரும்பிப் போகலாம். அந்தப் பிரிவைத் தாங்கும் உறுதி உங்களுக்கு வேண்டும். இல்லத்திலிருந்து வரும் குழந்தைகள் உடனே ஒட்டிக்கொள்வதும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், ஏழு வயதுச் சிறுமி இரவுதோறும் இரண்டு பிஸ்கெட்டைத் தலையணைக்கடியில் ஒளித்து வைப்பாள். எறும்பு மொய்த்துப் படுக்கையெல்லாம் பாழாகும். அவளை வளர்த்தவர் அதட்டவில்லை. மூடி போட்ட சிறு டப்பா ஒன்றைக் கொடுத்து, “இது உன்னுடையது, இது காலியாகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். நான்கு மாதம் கழித்து, டப்பாவை அவளே சமையலறை அலமாரியில் கொண்டுபோய் வைத்தாள்.

கேள்வி: எங்கள் தத்து மகளுக்கு ஒன்பது வயது. இன்னும் சொல்லவில்லை. எப்போது சொல்லலாம்?
(வாசகர், சேலம்)

பதில்: இந்த மாதத்துக்குள். அண்டை வீட்டாரோ கல்யாண வீட்டில் ஓர் அத்தையோ உங்களை முந்திக்கொள்ளக்கூடும். விழா எடுப்பதுபோல் உட்கார வைத்துச் சொல்லாதீர்கள். தலை பின்னிவிடும்போதோ, இருவருமாக நடந்து போகும்போதோ, அவளை அழைத்துவந்த நாளின் கதையாகச் சொல்லுங்கள். அன்று எந்தப் பேருந்தில் வந்தீர்கள், அவள் என்ன சட்டை போட்டிருந்தாள், வீட்டில் யார் ஆரத்தி எடுத்தார்கள் என்பதெல்லாம் அவளுக்கு வேண்டும். “என்னைப் பெற்ற அம்மா யார்?” என்று கேட்டால், தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். 18 வயதுக்குப் பிறகு தன் வேர்களைத் தேடி அவளே விண்ணப்பிக்க விதிகளில் இடமுண்டு. அன்று அவளோடு துணைக்குப் போவேன் என்று இப்போதே அவளிடம் சொல்லிவையுங்கள்.